வியாழக்கிழமை வாசம்

கஞ்சி வரிசையில் நின்ற பாவாடை என்கிற ஆள் தட்டை நீட்டினான்; நீட்டிய கையை அப்படியே நிறுத்தி மூக்கை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். "என்னா சாமி, இன்னைக்கி கருவாட்டுக் கொழம்பா? வாசம் ஆளத் தூக்குது!" என்றான். அவன் கேலிக்குக் கேட்கவில்லை. தட்டாஞ்சாவடியில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன், காலையில் டீயோடு சரி, வயிறு காய்ந்து வந்து நிற்கிறவன். நிஜமாகவே நாக்கில் எச்சில் ஊறித்தான் கேட்டான். ஆனால் அவன் கேட்ட இடம் சன்மார்க்க சங்கம். கொலை கூடாது, புலால் கூடாது என்று வாசலிலேயே கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிற இடம். யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிடலாம், ஆனால் அடுப்படிக்குள் கால் வைக்கிறவன் மட்டும் மீன், கறி, முட்டை எதையும் தொடாதவனாக இருக்க வேண்டும் என்பது அங்கே மாற்ற முடியாத சட்டம். வரிசையில் சிரிப்பு கிளம்பியது. கரண்டியோடு நின்ற அம்மாவாசையும் சிரித்தார். "கருவாடு இல்லப்பா, கருவேப்பில தொவையல்" என்று சொல்லி, அவன் தட்டில் துவையலை இன்னும் கொஞ்சம் தாராளமாக வைத்தார். அவர் மூக்குக்கு எந்த வாசமும் எட்டவில்லை. சிறுநீரகம் கெட்டுப் போனதிலிருந்தே அவருக்கு மூக்கும் நாக்கும் பாதிதான் வேலை செய்தன.

அடுத்த வியாழக்கிழமை அவர் போய்ச் சேர்ந்தபோது கரண்டி சங்கத்து இளைஞன் பிரேம்குமாரின் கையில் இருந்தது. "நீங்க ஒக்காருங்க ஐயா, ஒடம்பு முடியாதவரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். போட்ட இடம் அடுப்படிக்கு வெளியே, குழாயடிக்குப் பக்கத்தில். அதற்கும் அடுத்த வாரம் துடுப்பும் போயிற்று. இடுப்பு உயர அண்டாவில் கஞ்சி அடிபிடிக்காமல் கிண்டுவதற்கென்று மாமரத்தில் செய்த துடுப்பு அது. இருபத்திரண்டு வருஷமாக அம்மாவாசையின் கையிலேயே இருந்து, பிடி அவருடைய உள்ளங்கைக்குத் தகுந்தாற்போலத் தேய்ந்திருந்தது. தைப்பூசத்தன்று ஆயிரம் பேருக்குக் கஞ்சி காய்ச்சும்போது, சங்கச் செயலாளர் கலியமூர்த்தி ஆண்டு தவறாமல் ஒரு கேலியைச் சொல்வார்: "பாருங்க, எங்க சங்கத்துலதான் பௌர்ணமி அன்னைக்கி அம்மாவாசை வந்து நிக்கும்!" இருபத்திரண்டு வருஷமாக அதற்கு எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவாசை உட்பட. இன்னும் ஐந்து வாரத்தில் பூசம். அந்தக் கேலியை இந்த வருஷமும் கேட்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இல்லை.

அவர் மில் தொழிலாளியாக இருந்தவர். மில் மூடிய பிறகு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்தார், ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாக நின்றார், அப்புறம் உடம்பு அதற்கும் விடவில்லை. ரெட்டியார்பாளையத்தில் ஒரு மாடி வீட்டின் பின்கட்டில் ஒற்றை அறை. பிள்ளை இல்லை. மனைவி தாமரைச்செல்வி செத்து ஆறு வருஷம். வாரத்தின் ஏழு நாளில் அவரோடு யாராவது நாலு வார்த்தை பேசுகிற நாள் என்று எண்ணினால் மூன்றுதான் தேறும்: டயாலிசிஸுக்குப் போகிற திங்களும் வெள்ளியும், சங்கத்துக்குப் போகிற வியாழனும். அந்த மூன்றிலும் அவரைத் தேடுகிறவர்கள் இருந்தது வியாழனில் மட்டும். "ஐயா வந்துட்டாரா? உப்பு பாத்தீங்களா ஐயா?" என்று கேட்பதற்கு அங்கே ஆள் இருந்தது.

இரண்டு வருஷமாக ஊசி குத்திக் குத்தி இடது கை முழுக்க முடிச்சாகிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. மெஷினில் படுத்திருக்கும்போது கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். வீட்டுக்கு வந்தால் ஒரு குடம் தண்ணீரைத் தூக்க முடியாது. போன ஐப்பசியில் ஒரு வியாழன் துடுப்பைப் பாதி சுற்று கிண்டிவிட்டு அண்டா விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அதைக் கேள்விப்பட்டுத்தான் டாக்டர் ஹேமலதா ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தாள். எல்-கார்னிடின் என்று பெயர். வேளைக்கு ஒன்றாக மூன்று. அதைச் சாப்பிட்ட மூன்றாவது வாரம் கால் இழுப்பு குறைந்தது. ஐந்தாவது வாரம் குடத்தை மாடிப்படி வரைக்கும் ஒரே மூச்சில் தூக்கினார். ஆறாவது வாரம் துடுப்பு முழுச் சுற்று சுற்றியது. அம்மாவாசை சங்கத்தில் எரிகிற ஜோதிக்கு முன்னால் நின்று கண்ணீர் விட்டார். பாவாடை மூக்கை இழுத்தது அதற்கும் அடுத்த வாரம்.

ஒரு மனுஷனிடமிருந்து மற்ற மனுஷர்கள் விலகுவது ஒரே நாளில் நடப்பதில்லை. பட்டும் படாமலும் நடக்கும். பந்தியில் அவருக்குப் பக்கத்து இலை காலியாக விழுந்தது. ஷேர் ஆட்டோவில் ஏறினால், உள்ளே இருந்த பெண் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கினாள். முடிவெட்டுகிறவர் வழக்கமாகப் பேசுகிற அரசியலை விட்டுவிட்டுப் பத்து நிமிஷத்தில் துண்டை உதறினார். முன் போர்ஷனில் குடியிருந்தவர்கள் அவருடைய அறைப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, சாக்கை வைத்து அடைத்தார்கள். வீட்டுக்காரர் ஒருநாள் வந்து, "எலி கிலி செத்துக் கெடக்குதா பாருங்க" என்றார். அம்மாவாசை கட்டிலை நகர்த்தி, பரணில் ஏறி, பழைய டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார். எலி இல்லை. இறங்கி வந்தபோது வாசலில் நின்ற வீட்டுக்காரர் இரண்டடி பின்வாங்கியதைப் பார்த்தார். பாவாடை கருவாடு என்று கேட்டது நினைவுக்கு வந்து, அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மீன் வாசம். தன்னிடமிருந்து.

அன்று பகல் முழுக்க அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மீன் என்றதும் அவருக்கு ஒரே ஒருத்திதான் ஞாபகத்துக்கு வந்தாள். தாமரைச்செல்வி அரியாங்குப்பத்துக்காரி. வாரத்தில் நாலு நாள் மீன் வெந்த வீட்டிலிருந்து வந்தவள். இவர் சங்கத்தில் சேர்ந்தபோது அவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஆனாலும் மறுநாளே மீன் சட்டியைப் பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டு, "ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பா எரியும்?" என்று சொல்லிவிட்டாள். பதினாறு வருஷம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், சோறு தொண்டையில் இறங்காத நாளில் கேட்டாள். "சங்கரா மீனு ஒரே ஒரு துண்டு. கொழம்புல ஊறுனது. நாக்குல வெச்சா போதும்." அம்மாவாசை அவள் கையைத் தடவிக்கொண்டே, "வீட்டுக்குப் போனதும் பாக்கலாம்" என்றார். வீட்டுக்குப் போகப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் சரி என்று தலையாட்டினாள். நாலு நாளில் போய்விட்டாள். அன்று அவர் விரதத்தைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்தார். எதைக் காப்பாற்றினோம் என்ற கேள்வி பிறகுதான் வந்தது, வந்தது போகவே இல்லை.

அவள்தான் வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டினார். தீராத ஆசையோடு போனவள் இவர் தோலில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். பேயையும் பிசாசையும் நம்பக் கூடாது என்று சங்கத்தில் சொல்லித் தருகிறார்கள். இருபத்திரண்டு வருஷமாகத் தலையாட்டியவர்தான். ஆனாலும் நம்பினார். பயமாக இல்லை என்பதுதான் ஆச்சரியம். சீயக்காயும் பயத்தமாவும் போட்டு நாளுக்கு மூன்று தரம் குளித்தார், சட்டைப் பைக்குள் கற்பூரக் கட்டியைத் துணியில் முடிந்து வைத்துக்கொண்டார், ஆனால் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு உட்காரும்போது, "ஏன்டி, இன்னும் எத்தினி நாளைக்கி?" என்று அறையைப் பார்த்துக் கேட்கவும் செய்தார். ஆறு வருஷத்தில் அந்த அறைக்குள் அவர் குரல் கேட்டது அந்த நாட்களில்தான்.

விஷயத்தைப் போட்டு உடைத்தது அபி. டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியன், இருபத்தைந்து வயசுப் பெண், வாயில் எதுவும் நிற்காது. அந்த வெள்ளிக்கிழமை அவள் இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு வந்து ஊசி குத்தினாள். அம்மாவாசை முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டே, "தெரியும்மா. எங்கிட்டேந்து மீன் வாசம் அடிக்குது. நான் மீனு தின்னு இருவத்திரெண்டு வருஷம் ஆவுது" என்றார்.

"கோச்சுக்காதீங்க சார். நீங்க மீன் துன்னதால இல்ல, கார்னிடின் மாத்திரையால" என்றாள் அவள் டேப்பைக் கிழித்துக்கொண்டே. "வயித்துல இருக்குற கிருமி அந்த மாத்திரையில மிச்சத்தத் தின்னுட்டு ஒரு வாயுவ வுடும். அது அப்டியே மீன் வாசம்தான். கிட்னி நல்லா இருக்கறவங்களுக்கு மூத்திரத்துல போயிடும். ஒங்களுக்கு எங்க போவும்? வேர்வையில வரும், மூச்சுல வரும். மெஷின்ல போட்டா கழுவிடும். நாள் தள்ளத் தள்ள மறுபடி சேந்துடும். அதான் திங்கக்கெழம போட்டுட்டுப் போனா வியாழக்கெழம உச்சத்துல இருக்கும். எல்லாருக்கும் வராது, சில பேருக்கு வரும். யாரும் சொல்லலியா ஒங்களுக்கு?"

யாரும் சொல்லவில்லை. அம்மாவாசை மெஷினில் சுற்றுகிற தன் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். முதலில் நெஞ்சு லேசானது. பாவம் இல்லை, சாபம் இல்லை, விரதம் கெடவில்லை. ஒரு மாத்திரை, ஒரு கிருமி, அவ்வளவுதான். நாலு மணி நேரத்தில் மூன்றாவது மணி நேரம் வரும்போது லேசானது மறுபடி கனத்தது. அப்படியென்றால் தாமரைச்செல்வி வரவே இல்லை. இத்தனை நாளும் வெறும் அறையைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். நெற்றியைத் துடைப்பதுபோல வலது கையால் கண்ணைத் துடைத்தார். அபி, "வலிக்குதா சார்?" என்று கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

டாக்டர் ஹேமலதா பொறுமையாகத்தான் பேசினாள். அம்மாவாசையின் முதல் கேள்வி, அந்த மாத்திரை கறியிலிருந்து எடுத்ததா என்பது. அவர் சங்கத்தில் சொன்ன மாத்திரைப் பெயரைப் பிரேம்குமார் செல்போனில் தேடிப் பார்த்து, ஆட்டுக்கறியிலும் மாட்டுக்கறியிலும் இருக்கிற சத்து என்று நாலு பேருக்கு நடுவில் படித்திருந்தான். டாக்டர் சிரித்தாள். "கறியில நெறைய இருக்கு, வாஸ்தவம். ஆனா மாத்திரை கம்பெனியில தயார் பண்றது, கறிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. கறி சாப்புடாதவங்க ஒடம்பு தனக்கு வேணுங்கறத தானே செஞ்சிக்கும். லிவரும் கிட்னியும்தான் செய்யும். ஒங்க கிட்னி நின்னுபோச்சு. இருக்கறதையும் எங்க மெஷின் கழுவி வுட்டுடுது." சமையல் ஆள் என்பது அவளுக்குத் தெரியும். "அடுப்புக்கு வெறகு எடுத்துக் குடுக்க ஒரு ஆள் நிப்பான் இல்ல, அந்த மாதிரிதான் இது. கொழுப்புதான் வெறகு. வெளிய எவ்ளோ குவிஞ்சி கெடந்தாலும், எடுத்துக் குடுக்க ஆள் இல்லன்னா அடுப்பு அவிஞ்சிடும். ஒங்க கை கால்ல அடுப்பு அவிஞ்சிதான் கெடந்துது. இப்ப எரியுது." ஊசியாகப் போட்டால் வாசம் குறையும், மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம், எப்போது வரும் என்று தெரியாது என்றாள். கிருமிக்கு ஒரு வாரம் மருந்து கொடுத்தாள், வேளைக்கு ஒன்று என்பதை நாளைக்கு இரண்டாகக் குறைத்தாள், சங்கத்தில் காட்டுவதற்கு லெட்டர்பேடில் தமிழிலேயே நாலு வரி எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

அந்த மருந்தும் குறைப்பும் பெரிதாக எடுபடவில்லை. ஆனால் லெட்டர் இருந்தது. அதை மடிக்காமல் அட்டைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு கலியமூர்த்தி வீட்டுக்குப் போனார். கலியமூர்த்தி மின்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷர். தாமரைச்செல்வி செத்த அன்று முதல் ஆளாக வந்து பாடைக்குத் தோள் கொடுத்தவர். லெட்டரை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் நம்பறதுக்கு லெட்டரே வேணாம் ஐயா. இருவத்திரெண்டு வருஷம் பாத்தவன் நானு. ஒங்கள சந்தேகப்பட்டா எனக்கு நல்ல சாவு வராது."

"அப்பன்னா துடுப்ப..."

கலியமூர்த்தி லெட்டரைத் திருப்பி அட்டைக்குள்ளேயே வைத்தார். "வர்ற ஜனங்க எல்லாத்துக்கும் இத படிச்சிக் காட்ட முடியுமா ஐயா? அண்டாகிட்ட நிக்கறவரு மேல மீன் வாசம் அடிச்சா, அண்டாவுக்குள்ள என்னா இருக்குதுன்னுதான பேசுவாங்க? போன வாரம் ரெண்டு குடும்பம் கஞ்சி வாங்காம திரும்பிப் போச்சு. எனக்கே..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "பூசம் வரைக்கும் அந்த மாத்திரைய நிறுத்திப் பாருங்களேன். மூணு வாரம்தான? அப்புறம் துன்னுக்கலாம். பூசத்துக்குத் துடுப்பு ஒங்க கையிலதான், நான் பொறுப்பு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தொல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அம்மாவாசை மறுத்திருப்பார்.

அவர் நிறுத்தினார். டாக்டரிடம் சொல்லவில்லை, அபியிடமும் சொல்லவில்லை. முதல் வாரத்தோடு வாசம் இறங்கியது. இரண்டாவது வியாழன் சுத்தமாகப் போயே போயிற்று. அன்று சங்கத்துக்குள் நுழைந்தபோது பிரேம்குமாரே துடுப்பை எடுத்து வந்து நீட்டினான். "ஐயா இல்லாம கஞ்சி கஞ்சியாவே இல்ல" என்றான். பாவாடை கஞ்சியைக் குடித்துவிட்டு, "சாமி, கருவாடு எங்க?" என்றான், இந்தத் தடவையும் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். பந்தியில் அவருக்கு இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்தார்கள். ஒருவருடைய முழங்கை சாப்பிடும்போது அவர் முழங்கையில் இடித்துக்கொண்டே இருந்தது. அவர் கையை நகர்த்திக்கொள்ளவில்லை. சாப்பிட்டு முடிந்த பிறகும் இலையை மடிக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

துடுப்பைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அன்று கஞ்சி பாதி வெந்திருக்கும்போதே தோள் விட்டுப்போயிற்று. கண் இருட்டி அண்டா விளிம்பைப் பிடித்தார், உள்ளங்கை வெந்தது. திரும்பி நின்று, பல்லைக் கடித்து, யாருக்கும் தெரியாமல் கையை வேட்டியில் சுற்றிக்கொண்டார். மறுநாள் மெஷினில் படுத்த அரை மணியில் இரண்டு காலும் சேர்ந்து முறுக்கியது. மெஷின் கத்தியது. ரத்த அழுத்தம் இறங்கி, அபியும் இன்னொருத்தியும் ஓடி வந்து காலைத் தூக்கிப் பிடித்தார்கள். தெளிந்து கண் திறந்தபோது டாக்டர் ஹேமலதா அவருடைய வெந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாத்திரைய நிறுத்தி எத்தனை நாளாவுது?"

"ரெண்டு வாரம் ஆவுதும்மா. பூசம் முடிஞ்சதும்..."

"துடுப்பு புடிக்கிற கை மட்டும் தசை இல்ல, அம்மாவாசை. இருதயமும் தசைதான். அதுக்கும் வெறகு வேணும். மருந்து ஆரம்பிச்ச பெறகு ஒங்க இருதயம் நல்லா தேறியிருந்துது. இப்ப எடுத்த எக்கோ ஸ்கேன்ல மறுபடி எறங்கியிருக்கு. பூசத்தன்னைக்கி அண்டாக்குள்ளயே விழுந்தீங்கன்னா என்னா பண்ணுவாங்க ஒங்க சங்கத்துல?"

அவள் போன பிறகு அபி மாத்திரைப் பட்டையைப் பிரித்து ஒன்றை அவர் வாயருகே நீட்டிக்கொண்டு நின்றாள். "முழுங்குங்க சார். எனக்கு ரெண்டு மாஸ்க் போட்டு பழக்கமாயிடுச்சு" என்றாள். அவளைப் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். பூசத்துக்கு ஆறு நாள் இருந்தது.

அந்த வருஷம் பூசம் வியாழக்கிழமையிலேயே வந்தது. விடிவதற்கு முன்பே குளித்து, புது வெள்ளை வேட்டி கட்டி, தலையை மூடி வெள்ளைத் துண்டு போர்த்திக்கொண்டார். சட்டைப் பையில் வழக்கமாக ஒரு கட்டி வைக்கும் கற்பூரத்தை இன்று கை நிறைய அள்ளி வைத்தார். கால் கொஞ்சம் திடப்பட்டிருந்தது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுவும் சாட்சி, எதிர்வீட்டு அம்மாள் கோலத்தைப் பாதியில் விட்டு எழுந்து உள்ளே போனதும் சாட்சி. சங்கத்துத் தெரு முனையில் நின்று பார்த்தார். வரிசை முனை வரைக்கும் வந்துவிட்டது. பந்தலுக்குள் நாலு அண்டாவிலும் ஆவி பறந்தது. பிரேம்குமார் துடுப்பைக் கிண்டிக்கொண்டிருந்தான். பிடியின் தேய்ந்த பக்கத்தை விட்டு வேறு பக்கமாகப் பிடித்திருந்தான். கலியமூர்த்தி இவரைப் பார்த்துவிட்டார். வலது கையை உயர்த்தி, வாங்க ஐயா என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டே இரண்டடி முன்னால் வந்தார். அப்போது காற்று இவர் பக்கத்திலிருந்து அவர் பக்கம் வீசியிருக்க வேண்டும். கலியமூர்த்தியின் இடது கை தானாகவே தோள் துண்டின் நுனியை எடுத்து மூக்கு வரைக்கும் கொண்டுபோயிற்று. உடனே தன் கையையே பார்த்து அதிர்ந்தவர்போலத் துண்டைக் கீழே விட்டார். நல்ல மனுஷர்தான். அம்மாவாசைக்கு அவர்மேல் கோபமே வரவில்லை, அழுகைதான் வந்தது. நின்ற இடத்திலிருந்தே ஜோதி இருக்கிற திசைக்கு ஒரு கும்பிடு, கலியமூர்த்திக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

மெயின் ரோட்டில் ஒரு ஆட்டோ தானாக வந்து பக்கத்தில் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான், மூக்கைச் சுருக்கினான், வழி கேட்க வேண்டிய தேவையே இல்லாதவன் மாதிரி, "ஹார்பருக்கா சாமி? ஏறுங்க, நானும் தேங்காய்த்திட்டுதான் போறேன்" என்றான்.

இல்லை என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். "ஆமா" என்றார்.

இந்திரா காந்தி சிலையைச் சுற்றி, நூறடி ரோட்டில் இறங்கி, மரப்பாலம் தாண்டி ஆட்டோ போயிற்று. அம்மாவாசை பிறந்து வளர்ந்த ஊர்தான். ஆனால் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குள் ஒருமுறைகூட வந்ததில்லை. வராமல் இருப்பது விரதத்தின் ஒரு பாகம் என்று நினைத்திருந்தார். ஏலம் உச்சத்தில் இருந்தது. படகிலிருந்து இறங்குகிற கூடைகளுக்கு வழி விடாமல் ஜனம் நெரித்தது. ஈரத் தரையில் வேட்டி நுனி நனைந்தது. இத்தனை மீனைச் செத்துப்போன நிலையில் ஒரே இடத்தில் பார்த்ததும் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றார். அந்த ஒரு நிமிஷத்தில் மூன்று பேர் அவர்மேல் இடித்துக்கொண்டு போனார்கள். ஒருவன் தோளைப் பிடித்து நகர்த்தினான். ஒரு பெண் கூடையோடு அவர்மேல் சாய்ந்து நின்று, ஏலக்காரனோடு சண்டை போட்டுவிட்டுப் போனாள். யாரும் மூக்கைச் சுருக்கவில்லை. யாரும் அடுத்த பக்கம் திரும்பவில்லை. முதுகிலும் தோளிலும் மனுஷச் சூடு பட்டுப் பட்டுப் போனது. அதற்காக அவர் அந்த இடத்தைவிட்டு நகராமல் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார்.

ஓரமாகக் கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்த ஒருத்தியின் முன்னால் போய்க் குந்தினார். ஐம்பது வயசு இருக்கும். மணியம்மாள் என்று யாரோ அவளைக் கூப்பிட்டுவிட்டுப் போனார்கள். கை முழுக்கச் செதிள்.

"என்னா வேணும் சாமி?"

"இதுல... சங்கரான்னா எதும்மா? மறந்துபோச்சு."

அவள் வெள்ளைத் துண்டையும் திருநீற்றையும் ஏற இறங்கப் பார்த்தாள். கேலி செய்யவில்லை. கூறிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள். ரோஜா நிறத்தில், கண் தெளிவாக, உள்ளங்கை அகலத்தில் இருந்தது. "இதான். காலையில வந்தது. எத்தினி போடட்டும்?"

"வேணாம்மா. பாக்கத்தான் வந்தேன்." சொல்லிவிட்டு, அது போதாது என்று பட்டது. ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லாததை, பெயர்கூட நேராகத் தெரியாத ஒருத்தியிடம் சொன்னார். "எங்க வீட்டம்மா கேட்டா. ஆஸ்பத்திரியில. ஒரு துண்டு. நான் வாங்கிக் குடுக்கல."

மணியம்மாள் மீனைக் கூறில் திரும்ப வைத்தாள். இடது பக்கம் இருந்த ஐஸ் பெட்டியைக் காலால் தள்ளி இடம் பண்ணி, "குந்திக்கினே இருந்தா கால் மரத்துப் போவும். பொட்டி மேல ஒக்காருங்க" என்றாள். அவர் உட்கார்ந்தார். இடம் குறைவு, அவள் தோள் இவர் தோளில் பட்டது. இவர் விலகப் பார்த்தார், அவள் விலகவில்லை. யாரோ விலை கேட்டார்கள், சொன்னாள். யாரோ பேரம் பேசினார்கள், விரட்டினாள். அப்புறம் கையை நிறுத்திக்கொண்டு, அவர் பக்கமாக லேசாகத் திரும்பி மூக்கை இழுத்தாள். அம்மாவாசைக்கு உடம்பு முழுக்கக் கூசிப் போயிற்று. எழுந்துவிடலாம் என்று பெட்டியின் விளிம்பில் கையை ஊன்றினார்.

"கோயில்லேந்தா சாமி நேரா வர்றீங்க?" என்றாள் அவள். "ஒங்க மேல என்னாமா கற்பூர வாசம் வீசுது!"

செதிள் ஒட்டிய கையின் பின்புறத்தால் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, அவள் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து, இன்னொரு தரம் மூச்சை இழுத்தாள்.